பேனிஷான், காதர், கிளிமூக்கு: மாம்பழப் பெயர்களுக்கு என்ன பொருள்?

வாசற்படி:
போன வாரம் பழக்கடையில் இரண்டு கூடைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் பங்கனப்பள்ளி என்று அட்டை, மற்றதில் பேனிஷான் என்று அட்டை. கிலோவுக்கு இருபது ரூபாய் வித்தியாசம். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழமாகத்தான் தெரிந்தன. கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்று முடித்துவிட்டார் கடைக்காரர். சரி என்று இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி வந்தேன். ருசியிலும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது பிரச்சினை ஏழாம் வகுப்பு படிக்கும் என் பெண். பேனிஷான் என்றால் என்ன, கிளிமூக்கை ஏன் பெங்களூரா என்கிறார்கள், அல்போன்சா யார், மாங்காயில் வருகிற ங் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேட்டுவிட்டாள். எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோப்புக்காரர்:
இரண்டும் ஒன்றேதான் அம்மா. உங்களிடம் இருபது ரூபாய்க்கு ஒரு பெயரை விற்றிருக்கிறார்கள்.

பங்கனப்பள்ளி ஊர்ப்பெயர். ஆந்திராவில் இன்றைக்கு நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நவாபு ஆண்ட குட்டி சமஸ்தானம் அது. 2017-இல் அந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பேனிஷானில் அந்த நவாபு வாசனை இருக்கிறது. பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நிஷான்' என்றால் அடையாளம். தோலில் புள்ளி, தழும்பு எதுவும் இல்லாத பழம் என்று பொருள் சொல்வார்கள். நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளியைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெயர் பொருத்தம்தான்.

கிளிமூக்கு கதையும் அப்படித்தான். காயின் நுனி கிளி அலகு மாதிரி வளைந்திருக்கும், அதனால் நமக்குக் கிளிமூக்கு. வடக்கே தோத்தாபுரி, தோத்தா என்றாலும் கிளிதான். கன்னடத்தில் கிணிமூதி, அங்கேயும் கிளிதான். ஆக மூன்று மொழிக்காரர்களும் தனித்தனியாகப் பார்த்து ஒரே பறவையைச் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரா என்பது சந்தைக்காரர்கள் வைத்த பெயர். சித்தூர்ப் பக்கம் போனால் கலெக்டர் என்பார்கள். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போவது பெரும்பாலும் இந்தக் காய்தான். ஐந்து பெயர் இருக்கிறது என்பதற்காக ஆலைக்காரன் எனக்கு ஐந்து விலை கொடுப்பதில்லை.

வாசற்படி:
ஐயா, நன்றி. அப்படியானால் அல்போன்சா?

தோப்புக்காரர்:
அது போர்த்துக்கீசியப் பெயர். கோவாவை 1510-இல் பிடித்த அபோன்சோ டி அல்புகெர்க்கின் பெயர் என்பார்கள். ஒட்டுக் கட்டும் வித்தையைக் கோவாவில் மாமரத்தில் நன்றாகப் பயன்படுத்தியவர்கள் போர்த்துக்கீசியர்கள். அபோன்சோ என்ற பெயர் கொங்கணி, மராத்தி வாயில் புகுந்து ஹாபூஸ் ஆனது. கர்நாடகத்தில் அதே பழம் பாதாமி. நம் பக்கத்துப் பழைய வியாபாரிகள் காதர் என்பார்கள். காதர் யார் என்று என் அப்பாவிடம் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "பழத்தைத் தின்னுடா" என்றார்.

இமாம் பசந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பசந்த் என்றால் விருப்பம், பிடித்தது. யாருக்குப் பிடித்தது என்பதில்தான் தகராறு. இமாம் பசந்த், ஹிமாம் பசந்த், ஹுமாயூன் பசந்த் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். யாருக்குப் பிடித்ததோ, அவருக்கு நல்ல நாக்கு.

செந்தூராவுக்கு விளக்கமே தேவையில்லை. காம்புப் பக்கம் செந்தூரம் பூசினது போல் சிவந்திருக்கும்.

தேமா புளிமா:
தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெண் கேட்ட கேள்விகளில் மிக நல்ல கேள்வி கடைசிக் கேள்விதான். மாங்காயில் ங் எங்கிருந்து வந்தது?

மரத்தின் பெயர் வெறும் 'மா'. அதோடு காய் சேர்ந்தால் மாக்காய் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம், பூக்கடை, பலாக்காய் என்பது போல. ஆனால் மா என்ற மரப்பெயருக்குப் பின்னால் வல்லெழுத்து வந்தால் அதற்கு இனமான மெல்லெழுத்து நடுவில் தோன்றும். மா + காய் மாங்காய். மா + சோலை மாஞ்சோலை. மா + தளிர் மாந்தளிர். மா + பழம் மாம்பழம். ங், ஞ், ந், ம் நான்கும் இந்த ஒரு மரத்துக்கே வந்துவிட்டன பாருங்கள். விளாவும் இதே கூட்டம்தான், விளங்காய், விளம்பழம். நன்னூல் இதை மரப்பெயர்களுக்கான விதியாகவே சொல்கிறது.

தமிழில் 'மா' என்ற ஓரெழுத்துக்குப் பொருள் ஏராளம். மரம், விலங்கு, பெரிய, கருமை, அரிசி மாவு எல்லாமே மா. இந்தக் குழப்பம் தொல்காப்பியர் காலத்திலேயே இருந்திருக்கிறது. அதனால்தான் அவர் மரத்தைச் சொல்லும்போது வெறுமனே மா என்று விடாமல் 'மாமரக் கிளவி' என்கிறார். கிளவி என்றால் சொல். அதே நூற்பாவில் விலங்கைக் குறிக்கும் மாவையும் பக்கத்திலேயே வைக்கிறார். கோடு என்ற சொல்லோடு சேர்த்துப் பார்த்தால் அழகு புரியும். கோடு என்றால் மரக்கிளை, கோடு என்றால் கொம்பு. மாமரத்தின் கிளை 'மாஅங்கோடு'. விலங்கின் கொம்பு 'மான்கோடு'. இரண்டு சொல்லுக்கும் இரண்டு இரண்டு பொருள் இருந்தும், நடுவில் நிற்கிற ஒரு மெய்யெழுத்து கேட்பவனைக் காப்பாற்றிவிடுகிறது.

இதை ஒரு சோதனையாகவே பயன்படுத்தலாம். ஒரு சொல் மாவில் தொடங்கினால், அது மாமரமா வேறு மாவா என்று பார்க்க, அடுத்த எழுத்தைப் பாருங்கள். வாசலில் அரிசி மாவால் போடுவது மாக்கோலம், க் வருகிறது. மாங்குயில் என்ற பறவைப் பெயரில் ங் வருகிறது, அது மாமரத்துக் குயில். மாங்காடு மாமரக் காடு. நெல்லை மலையில் தேயிலைக்குப் பெயர்போன மாஞ்சோலையும் பெயரளவில் மாந்தோப்புதான்.

வடுமாங்காய்:
அப்போ மாப்பிள்ளை? 😀

தேமா புளிமா:
மாமரத்தில் காய்த்திருந்தால் மாம்பிள்ளை ஆகியிருப்பார். ப் வருவதால் தப்பித்தார்.

சந்தேகப்பிராணி:
சார், சோதனை அழகாக இருக்கிறது, ஆனால் முழுசாக நம்ப முடியவில்லை. மாங்கல்யத்தில் ங் இருக்கிறது. மாந்தரில் ந் இருக்கிறது. மாந்திரீகத்திலும் இருக்கிறது. இவையெல்லாம் மாமரமா? அப்புறம் மாமரம், மாமல்லபுரம் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இரண்டிலும் மாவுக்குப் பின் ம-தான்.

தேமா புளிமா:
நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

மாங்கல்யம் மங்கலத்திலிருந்து வந்த வடசொல். மாந்திரீகம் மந்திரத்திலிருந்து. மாந்தர் மக்களைக் குறிக்கும் தனிச்சொல். அவற்றில் மா என்று ஒரு துண்டைப் பிரித்து எடுத்தால், மிச்சம் இருக்கும் 'கல்யம்', 'தர்' என்பவை தனியாக நிற்கும் சொற்களே இல்லை. ஆக முதல் நிபந்தனை, மாவை எடுத்த பிறகு மீதி ஒரு சொல்லாக நிற்க வேண்டும். காய், தளிர், குயில், காடு எல்லாம் நிற்கும்.

இரண்டாவது கேள்வியும் சரியே. க, ச, த, ப நான்கில்தான் இந்தச் சோதனை செல்லும். ம, வ, ந, உயிரெழுத்து வந்தால் கைவிட்டுவிடும். மாமரத்தில் வரும் மா மரம், மாமல்லனில் வரும் மா பெரிய. எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது, பொருளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மாவிலை, மாவடு இரண்டும் அப்படித்தான்.

சந்தேகப்பிராணி:
அப்படியானால் மாநிறம்? ந-வில் தொடங்குகிற சொல், உங்கள் சோதனை செல்லாது. எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போகும் போதெல்லாம் கேட்கிற சொல் அது. மாம்பழ நிறம் என்றால் மஞ்சளாக அல்லவா இருக்க வேண்டும்? மாநிறம் என்று சொல்லப்படுகிற யாரும் மஞ்சளாக இல்லை.

தேமா புளிமா:
மாம்பழத்தைப் பார்க்காதீர்கள், மாந்தளிரைப் பாருங்கள். புதுத் துளிர் விடும்போது மாவிலை பச்சையாக இருக்காது. செம்பும் பழுப்பும் கலந்து பளபளவென்று தொங்கும். சில நாள் கழித்துத்தான் பச்சையாகும். பழைய பாட்டுகளில் பெண்ணின் மேனி நிறத்தை மாமை என்பார்கள். உரைகாரர்கள் அதற்கு மாந்தளிர் நிறம் என்று பொருள் எழுதினார்கள்.

சந்தேகப்பிராணி:
மா என்றால் கருமை என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள். மாயோன் கறுப்பன். அப்படிப் பார்த்தால் மாநிறம் வெறும் கருநிறம், அதைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்வது. இதில் மரம் எதற்கு?

தேமா புளிமா:
அப்படியும் படிக்கலாம். மாந்தளிர் நிறமும் கருமைக்கும் சிவப்புக்கும் நடுவில்தானே இருக்கிறது? நான் தளிர் கட்சி.

சந்தேகப்பிராணி:
நான் கருமை கட்சி. இந்த மாசியில் துளிர் விடும்போது பார்த்துவிட்டு மறுபடியும் சண்டைக்கு வருகிறேன்.

காணிநிலம்:
தஞ்சாவூர்க்காரன். மாவின் பொருள்களில் ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். எங்கள் ஊரில் மா என்றால் நிலம். இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். இன்றைக்கும் பெரியவர்கள் "அவனுக்கு அஞ்சு மா இருக்கு" என்றால் மாமரக் கணக்கு இல்லை.

இந்த மா பழைய பின்ன வாய்பாட்டிலிருந்து வருகிறது. ஒரு மா என்றால் 1/20. காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, 1/16. இங்கே க மட்டும் நிற்கிறது, ங் இல்லை, ஆக ஐயாவின் சோதனை இங்கேயும் செல்லுகிறது. வேடிக்கை இன்னும் கீழே இருக்கிறது. 1/320-க்குப் பெயர் முந்திரி! மாவும் முந்திரியும் தாவரக் குடும்பத்திலும் சொந்தக்காரர்கள், பின்னத்திலும் ஒரே வாய்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் இது தற்செயல்தான். முந்திரிக்கொட்டை பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர்கள் கொண்டு வந்தது. வாய்பாடு அதைவிட ரொம்பப் பழையது.

நாஞ்சில்:
முந்திரிக்கு எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெயர் கேட்டால் காணிநிலம் இன்னும் மகிழ்வார். நாங்கள் அதைக் கொல்லாமா என்போம். கொட்டை கொல்லாங்கொட்டை, பழம் கொல்லாம்பழம். கடலுக்கு அப்பாலிருந்து வந்த மரத்தைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு மாவின் சொந்தக்காரன் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. பால் பட்டால் தோல் வெந்து போவதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். மாங்காய்க் காம்பை ஒடிக்கும்போது தெறிக்கிற பாலும் அப்படித்தானே உதட்டைப் புண்ணாக்கும்.

குடாநாடு:
யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். பங்கனப்பள்ளியும் அல்போன்சாவும் பேசுகிற இடத்தில் கறுத்தக்கொழும்பானைச் சொல்லாமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. பெயரில்தான் கறுப்பு. பழுத்த பிறகும் தோல் கரும்பச்சையாகவே நிற்கும். தெரியாதவர்கள் காய் என்று நினைத்து ஒதுக்கி வைப்பார்கள். வெட்டினால் உள்ளே செம்மஞ்சள். வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான், விலாட் என்று எங்களிடம் வரிசையே இருக்கிறது. செம்பாட்டான் என்று கேட்டதும் எங்களுக்குச் செம்பாட்டு மண் ஞாபகம் வரும். குடாநாட்டின் சிவப்பு மண்ணுக்கு அதுதான் பெயர்.

கொழும்பு என்ற பெயரிலேயே மாமரம் இருக்கிறது என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கண்டி அரசனிடம் பல வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681-இல் வந்த தன் நூலில் சொல்கிறார்: சிங்களத்தில் 'அம்ப' மா, 'கொல' இலை. அங்கே நின்ற மாமரம் காய்க்காமல் இலை மட்டும் விட்டதால் அந்தப் பெயராம். களனி ஆற்றுத் துறையை வைத்துச் சொல்கிற விளக்கமும் உண்டு. நொக்ஸின் கதை உண்மையென்றால் கறுத்தக்கொழும்பான் என்பது காய்க்காத மாமரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு காய்க்கிற மாமரம்.

பினாங்குப் பாலம்:
அந்த 'அம்ப' எங்கிருந்து வந்தது தெரியுமா? சமஸ்கிருதத்தில் மாமரம் ஆம்ரம். அதுதான் ஹிந்தியில் ஆம், மராத்தியில் ஆம்பா, சிங்களத்தில் அம்ப. ஆம்சூர் பொடி என்று கடையில் வாங்குகிறோமே, ஆம் மாங்காய், சூர் தூள். அவ்வளவுதான் பொருள்.

தெற்கிலிருந்து கப்பலேறியது நம் சொல். மலையாளக் கரையில் மாங்ங என்று கேட்டதைப் போர்த்துக்கீசியர் மங்கா என்றார்கள், ஆங்கிலேயர் மேங்கோ ஆக்கினார்கள். 1753-இல் லின்னேயஸ் வைத்த தாவரவியல் பெயர் மாஞ்ஜிஃபெரா இண்டிகா. ஃபெரா என்றால் தாங்குவது என்று பொருள், அதாவது மாங்காய் காய்க்கிற இந்திய மரம். எங்கள் மலேசியாவில் இரண்டும் இருக்கின்றன. மங்கா என்றும் சொல்வார்கள், மெம்பெலாம் என்றும் சொல்வார்கள். மெம்பெலாம் வேறொன்றுமில்லை, நம் மாம்பழம்தான். பழத்தைக் காயாகக் கேட்டவன் ஒருவன், பழமாகவே கேட்டவன் ஒருவன்!

தேமா புளிமா:
தம்பி, அருமை. அப்படியானால் உலகம் முழுவதும் மேங்கோ, மங்கா என்று சொல்கிற ஒவ்வொருவரும் தெரியாமலே நம் புணர்ச்சி விதியையும் சேர்த்து உச்சரிக்கிறார்கள். அந்த ங் மரத்துக்குச் சொந்தம் இல்லை, மாவும் காயும் சேர்ந்ததால் பிறந்தது. பெண்ணிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா.

ஆம்ரம் தமிழ்நாட்டுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் ஏக ஆம்ர நாதர், ஒற்றை மாமரத்தடி நாதர். தேவாரம் அதைக் கச்சி ஏகம்பம் என்கிறது. கோயிலுக்குள் மாமரம் இன்றும் தலமரம். அந்தப் பக்கம் ஏகாம்பரம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் ஒரு மாமரத்தின் பெயரோடு நடமாடுகிறார்கள். ஒடிசாவில் புவனேசுவரத்துக்கும் ஏகாம்ர க்ஷேத்திரம் என்ற பழம்பெயர் உண்டு.

சந்தேகப்பிராணி:
கோயில் என்றதும் ஞாபகம் வந்தது. பழனியையும் மாம்பழத்தில்தானே சேர்க்க வேண்டும்? ஞானப்பழம் கிடைக்காமல் முருகன் கோபித்துக்கொண்டு போக, "பழம் நீ" என்று சமாதானம் சொன்னதால் பழனி. எல்லாரும் சொல்கிற கதை.

தேமா புளிமா:
கதை இனிக்கிறது, சொல் ஒத்துக்கொள்ளவில்லை. அகநானூற்றின் முதல் பாட்டிலேயே அந்த மலை பொதினி என்ற பெயரில் வருகிறது, முருகனைப் போன்ற ஆவி என்ற தலைவனின் மலையாக. பொதினிதான் பழனி ஆயிற்று என்பது ஆய்வாளர்கள் சொல்வது. இப்போது நீங்கள் சந்தேகப்படவில்லை, நான் சந்தேகப்படுகிறேன். இடம் மாறிவிட்டோம்.

மாம்பழக் கதைதான் வேண்டுமென்றால் காரைக்காலுக்குப் போங்கள். புனிதவதியாரிடம் கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாங்கனி இரண்டு. ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்த கணவன் முதல் பழத்தின் ருசியில் மயங்கி இன்னொன்றும் கேட்க, இல்லாத பழத்துக்கு எங்கே போவார்? இறைவனை வேண்டினார், கையில் பழம் வந்தது. அதுவோ முதல் பழத்தைவிட ருசி. அங்கேதான் கணவனுக்குச் சந்தேகமே வந்தது! இன்றைக்கும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள்.

நாஞ்சில்:
இனிப்பான கதையாகவே சொல்கிறீர்கள். நன்னன் கதையையும் சொல்லிவிடுங்கள்.

தேமா புளிமா:
சொல்லத்தான் வேண்டும். குறுந்தொகை 292, பரணர் பாட்டு. நன்னன் என்ற சங்ககாலக் குறுநில மன்னனின் காவல் மாமரத்தின் காய் ஒன்று ஆற்றில் விழுந்து மிதந்து வருகிறது. குளிக்கப் போன பெண் அதை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை. எண்பத்தொரு யானையும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்ற பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. பிறகு கோசர்கள் அந்த மாமரத்தை வெட்டிச் சாய்த்ததையும் பரணரே குறுந்தொகை 73-இல் சொல்கிறார்.

வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும், "பழமா சார், காயா?" என்று. பாட்டில் பசுங்காய் என்றுதான் இருக்கிறது. பழுக்காத காய். வகுப்பு அமைதியாகிவிடும்.

வடுமாங்காய்:
மனசு கனத்துவிட்டது. சமையலறைப் பக்கம் வருகிறேன்.

மாங்காய்க்குக் காய்க்கு முந்தைய நிலைக்குத் தனிப்பெயர் இருக்கிறது, வடு. எல்லாப் பிஞ்சையும் பிஞ்சு என்று சொல்லிவிடலாம், ஆனால் தமிழில் அப்படி விட்டுவிடவில்லை. வாழைப்பிஞ்சு கச்சல். பலாப்பிஞ்சு மூசு. தென்னை, பனைக்குக் குரும்பை. மாவுக்கு வடு. பாவாணர் இந்தச் சொற்களை எல்லாம் ஒன்று சேர்த்து எழுதியிருக்கிறார். மற்றவை பேச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. வடு மட்டும் போகவில்லை. ஊறுகாய் ஜாடி காப்பாற்றிவிட்டது என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு மாசி பங்குனியிலும் காம்போடு பொறுக்கி, கழுவி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டுக் குலுக்கும்போது அந்தச் சொல்லும் ஊறுகிறது.

வடுவை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பார்த்திருக்கிறீர்களா? கண் மாதிரியே இருக்கும். திருவாசகத்தில் உமையை 'மாவடு வகிர் அன்ன கண்ணி' என்கிறார் மாணிக்கவாசகர். வகிர் என்றால் பிளந்த துண்டு. அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தவருக்குத்தான் இந்த உவமை தோன்றும்.

ஆவக்காய் பற்றியும் ஒரு வரி. ஆவலாகச் சாப்பிடுவதால் ஆவக்காய் என்று ஒரு மாமி அடித்துச் சொன்னார். இல்லை. தெலுங்கில் ஆவ என்றால் கடுகு. கடுகுப்பொடி போட்ட காய், அவ்வளவே. மாங்காய் இஞ்சியும் மாங்காய் இல்லை, மஞ்சள் குடும்பத்துக் கிழங்கு. வாசனை மட்டும் மாங்காய்.

காணிநிலம்:
வடு என்றால் தழும்பும்தானே? 'ஆறாதே நாவினால் சுட்ட வடு'.

வடுமாங்காய்:
ஆமாம் அண்ணா. எங்கள் வீட்டில் வடு அதிகமாக உப்பானால் அந்தக் குறளும் வந்துவிடும்.

தேமா புளிமா:
என் பெயரை ஏன் இப்படி வைத்திருக்கிறேன் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். யாப்பிலக்கணத்தில் ஈரசைச் சீர்களுக்கு வாய்பாடு தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். தேமா இனிக்கிற மா, புளிமா புளிக்கிற மா. மூவசைக்குப் போனால் தேமாங்காய், புளிமாங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி. இனிப்பு மாவின் காய், புளிப்பு மாவின் கனி என்று ஒரு தோப்பையே வைத்துத் தமிழன் பாட்டு எழுதப் பழகியிருக்கிறான். வெண்பாவில் காய் வரலாம், கனி வரக் கூடாது. மாணவர்களுக்கு இதைச் சொன்னால், "பழம் தின்ன வேண்டாம், ஊறுகாய் போடலாம், சரியா சார்?" என்பார்கள். மறக்காமல் இருந்தால் சரி.

தோப்புக்காரர்:
தேமா, புளிமா என்று இரண்டே வகையாக இருந்த காலம் போய்விட்டது வாத்தியாரே. இப்போது பெயருக்கு ஜாதகம் வேண்டும். மல்லிகா என்று ஒரு பழம் சந்தைக்கு வருகிறது. நீலம் என்ற ரகத்தில் தசேரி என்ற வடநாட்டு ரகத்தின் மகரந்தத்தைச் சேர்த்து டெல்லியில் உண்டாக்கிய கலப்பு. தாயையும் தகப்பனையும் இடம் மாற்றி, தசேரியில் நீலத்தைச் சேர்த்தால் ஆம்ரபாலி. அதிலும் உங்கள் ஆம்ரம் இருக்கிறது. மாமரத்தடியில் கிடைத்த குழந்தை என்று புத்தர் கதைகளில் வருகிற வைசாலி அம்பபாலியின் பெயர். இந்த மரம் குட்டையாக நிற்கும், நெருக்கி நடலாம்.

நீலத்தை ஏன் எல்லாரும் கலப்புக்குத் தேடுகிறார்கள் என்றால், அது வருஷா வருஷம் காய்க்கும். அல்போன்சா, தசேரி எல்லாம் ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் கையை விரிக்கும். நீலம் கடைசியில் வருகிற பழம் வேறு. மற்ற பழங்கள் ஓய்ந்த பிறகு ஆடி வரைக்கும் வியாபாரம் அதை வைத்துத்தான் ஓடும். நாங்கள் ஏழைகளின் பழம் என்போம். கௌரவம் இல்லாத பெயர், ஆனால் கடனை அடைப்பது அதுதான்.

கொட்டையைப் புதைத்து வளர்க்கலாம் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். நம் பக்கத்து ரகங்களில் பெரும்பாலானவை கொட்டையில் போட்டால் தாய் மாதிரி வராது. இமாம் பசந்த் கொட்டை போட்டுப் பத்து வருஷம் தண்ணீர் ஊற்றிய ஒருவருக்கு நார்க்காய்தான் கிடைத்தது. ஒட்டுச்செடிதான் வழி.

வாசற்படி:
எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து முழுவதையும் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். மேங்கோ என்பதில் நம் ங் இருக்கிறது என்றதும் துள்ளிக் குதித்து ஆங்கில டீச்சரிடம் சொல்லப் போகிறேன் என்றாள். நன்னன் கதையில் அழுதாள். பழக்கடைக்காரரிடம் பே, நிஷான் விளக்கத்தை நானே சொன்னேன். "அப்படியாம்மா?" என்று கேட்டுக்கொண்டார். அட்டை இரண்டும் அப்படியே இருக்கின்றன, விலையும்தான்.

தோப்புக்காரர் ஐயா, ஒரு கேள்வி. நீங்கள் சொன்னீர்களே என்று நேற்று நீலம் வாங்கினோம். வெளியே ஓட்டை எதுவும் இல்லை. வெட்டினால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு வண்டு நடந்து வெளியே வந்தது. அது எப்படி உள்ளே போனது? பழத்தைச் சாப்பிடலாமா?

தோப்புக்காரர்:
வண்டு உள்ளே போகவே இல்லை அம்மா, உள்ளேயே பிறந்தது. காய் சின்னதாக இருக்கும்போது தாய் வண்டு தோலில் முட்டை வைக்கும். புழு குடைந்துகொண்டு கொட்டைக்குள் போய்விடும். அப்போது கொட்டை இன்னும் கெட்டியாகியிருக்காது. காய் பெருக்கப் பெருக்கப் போன வழி மூடிக்கொள்ளும், தழும்பு தெரியாது. புழு உள்ளே பருப்பைத் தின்று வண்டாகிக் காத்திருக்கும். நீலத்துக்கு இந்தத் தொல்லை அதிகம். சதை அழுகாமல் நன்றாக இருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். கொட்டையை மட்டும் தோட்டத்தில் வீசாதீர்கள், எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பக்கத்து மரத்துக்குப் போய்விடும்.

சந்தேகப்பிராணி:
வெளியே தழும்பே இல்லை, உள்ளே வண்டு. உண்மையான பேனிஷான் நீலம்தான் போலிருக்கிறது.